தீ வைத்தவன் மட்டுமா குற்றவாளி?

2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், ரியாவ் மாகாணத்தின் தலைநகரான பெக்கான்பாருவில் மக்கள் மழைத் தொழுகைக்காகத் திரண்டனர். வானம் மேகத்தால் அன்று, புகையால் மூடிக் கிடந்தது. காடும் சதுப்பும் எரிந்த புகை. நாட்டின் அதிபர் ஜோக்கோ விடோடோவும் அந்நகரின் பள்ளிவாசல் ஒன்றில் அத்தொழுகையில் கலந்து கொண்டார்.

மழைத் தொழுகையின் முறைமை வாசகர்கள் அறிந்ததே. பணிவோடும் எளிய உடையோடும் புறப்பட வேண்டும். பாவமன்னிப்புக் கோர வேண்டும். இமாம் தம் மேலாடையைத் திருப்பிப் போட்டுக் கொள்வார். நிலைமையும் அவ்வாறே திரும்பட்டும் என்னும் நல்லெண்ணம் அதிலே அடங்கியிருக்கின்றது. இவற்றோடு இன்னொன்றையும் மார்க்க மேதைகள் எழுதி வைத்துள்ளனர். பிறருடைய உரிமை எதையேனும் பறித்து வைத்திருப்பவன், அதனை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டே அத்தொழுகைக்கு வர வேண்டும் என்பர்.

இந்த இறுதி நிபந்தனையை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கின்றது. பெக்கான்பாருவில் கையேந்தி நின்ற எளிய மக்கள் யாருடைய உரிமையைப் பறித்தார்கள்? பறித்தவர்கள் அந்த அணிவகுப்பில் நின்றார்களா? நின்றிருந்தாலும், எரிந்து சாம்பலாகிவிட்ட காட்டை எவரிடம், எவ்வாறு திருப்பிக் கொடுப்பார்கள்?

மழை பொய்த்தது, ஆகவே காடு எரிந்தது என்று சொல்லிவிடுவது எளிது. பசிபிக் பெருங்கடலின் நீர் வெப்பம் மாறுபடும் ‘எல் நினோ’ ஆண்டுகளில் அத்தீவுகளில் வறட்சி நீளும் என்பதும் மெய்யே. ஆனால் சுமத்ராவும் காலிமந்தானும் நிலநடுக்கோட்டின் மீது கிடக்கும் மழைக்காட்டு நாடுகள். உயர்ந்த மரங்களின் கவிகை வெயிலை மேலேயே தடுத்துவிட, கீழே மண் ஆண்டு முழுவதும் ஈரமாகவே கிடக்கும். மனிதன் தொடாத அத்தகைய காடு தானாகத் தீப்பற்றுவது அரிதினும் அரிது. வறட்சி விறகை உலர்த்தித் தரும். அடுப்பை மூட்டுவது மனிதனின் கையே. கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேடுகளை மனிதக் கரங்களின் வினையோடு இணைத்துப் பேசும் திருமறை வசனத்தை (அர்ரூம், 41) எத்தனையோ ஜும்ஆப் பேருரைகளில் நாம் கேட்டிருக்கின்றோம். அந்தக் கரங்கள் யாருடையவை என்று ஊர் பேர் சொல்லிக் கேட்கத் துணிவதுதான் இல்லை. இன்று அதைக் கேட்டுப் பார்ப்போம்.

2019க்கு முன்னரே, 2015இல், இதனினும் பெருந்தீ மூண்டது. அரசின் கணக்குப்படியே 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. தமிழ்நாட்டை ஐந்து கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நிலம்! நாட்டுக்கு நேர்ந்த பொருளிழப்பு 1,600 கோடி டாலர் என உலக வங்கி கணித்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஆச்சே மாகாணத்தை மீண்டும் கட்டியெழுப்ப ஆன செலவைப் போல் இது இரு மடங்கு. புகை எல்லைக் கோடுகளை மதிக்கவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிக்கூடங்களை மூட நேர்ந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்யும் நம் உறவினர்கள் அந்நாள்களில் இருமிக்கொண்டே தொலைபேசியில் பேசியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 2016இல், இந்தோனேசிய நாட்டின் உலமாப் பேரவையான ‘மஜ்லிஸ் உலமா இந்தோனேசியா’ ஒரு மார்க்கத் தீர்ப்பை வெளியிட்டது. பிறருக்கும் சுற்றுப்புறத்துக்கும் கேடு விளைக்கும் வகையில் காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம் என்பது அதன் முதற்கூறு. இதில் வியப்பில்லை, பள்ளிச் சிறுவனும் இதைச் சொல்லிவிடுவான். நம்மை நிமிர்ந்து உட்கார வைப்பது இரண்டாம் கூறு. அவ்வாறு எரிப்பதற்கு வசதி செய்து கொடுப்பதும், அதைத் தடுக்காமல் விட்டுவிடுவதும், அதனால் ஆதாயம் அடைவதும் அதே போல் ஹராமே என்று அது தீர்ப்பளிக்கின்றது.

வாசகர்களே, இந்த மூன்று சொற்களையும் சற்றே நிறுத்தி நிதானமாக எண்ணிப் பாருங்கள். வசதி செய்பவன், தடுக்காதவன், ஆதாயம் அடைபவன். தீக்குச்சியைக் கிழித்தவனை மட்டும் பிடித்துக் கூண்டிலேற்றி வழக்கை முடித்துவிடும் உலக வழக்கத்துக்கு நேர்மாறாக, அவனுக்குப் பின்னால் நிற்கும் நீண்ட வரிசை முழுவதையும் அத்தீர்ப்பு கூண்டுக்கு அழைக்கின்றது. காடழிவின் காரணத்தைத் தேடுவோர்க்கு இதனினும் நேரான வழிகாட்டி வேறில்லை என்பது என் கருத்து.

குச்சியைக் கிழிப்பவன் யார்? பெரும்பாலும் அன்றாடக் கூலிக்கு நிலம் சுத்தம் செய்ய வந்தவன். அல்லது நாலைந்து ஏக்கரில் பிழைக்க முயலும் குடியானவன். இயந்திரத்தைக் கொண்டு காட்டுப் புதரையும் வேரையும் அகற்ற ஆகும் செலவு மிகுதி. ஒரு கலம் எண்ணெயும் ஒரு நெருப்புக் குச்சியும் அந்த வேலையை ஓரிரு நாளில் முடித்துவிடும். அதுமட்டுமன்று, எரித்துத் துப்புரவாக்கிய நிலம் எரிக்காத நிலத்தினும் கூடுதல் விலைக்குப் போகின்றது. காலிமந்தானின் தாயாக் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறு துண்டு நிலத்தை எரித்து நெல் விதைத்து, பின் அதைப் பல ஆண்டுகள் காடாகவே வளர விட்டு வந்தவர்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேருக்கு மேற்படாமல், தீ பரவாதபடி தடுப்பு வெட்டி, நாட்டு விதைகளைப் பயிரிட எரிப்பதை 2009ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டமும் ஏற்றுக் கொண்டது. நூற்றாண்டுகளாக அந்தத் தீ காட்டை விழுங்கிவிடவில்லை. அப்படியாயின், அண்மைக் காலத்தில் மட்டும் அதே தீ கட்டுக்கடங்காமல் போனதேன்?

விடை மண்ணுக்கு அடியில் இருக்கின்றது. ‘கம்புட்’ என்று அந்நாட்டார் அழைக்கும் ஒரு வகைச் சதுப்பு நிலம் சுமத்ராவிலும் காலிமந்தானிலும் பரந்து கிடக்கின்றது. பல்லாயிரம் ஆண்டுகளாக உதிர்ந்த இலையும் கிளையும் வேரும் நீரிலே மூழ்கி, முற்றும் மக்காமல், அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டான மண் அது. சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் ஆழம். நீரில் ஊறிய பஞ்சு போன்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஊறியிருக்கும் வரை அதில் நெருப்பு பற்றாது. அதன் ஓரத்தில் ஒரு கால்வாயை வெட்டிவிட்டாலோ, நீர் வடிந்து மண் உலர்கின்றது, சுருங்குகின்றது, அமிழ்கின்றது. பின்னர் அது மண்ணன்று, விறகு. அதில் விழும் ஒரு பொறி மேலே சுடராக எரியாமல் உள்ளே கனன்று கொண்டே ஊர்ந்து செல்லும். மேலே தண்ணீரை இறைத்தாலும் அடியிலுள்ள கனல் அணையாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் புகையும். பெருமழை பெய்து நீர்மட்டம் உயர்ந்தால்தான் அது அடங்கும். மக்கள் ஏன் மழைத் தொழுகைக்கு ஓடினர் என்பது இப்போது விளங்குகின்றதல்லவா?

ஆக, குச்சி கிழித்தவனுக்கு முன்னரே கால்வாய் வெட்டியவன் ஒருவன் இருக்கின்றான். தீர்ப்பு சொன்ன ‘வசதி செய்பவன்’ இவனே. இதற்குப் பெரிய சான்று 1995ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் கையெழுத்தானது.

இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு அடைந்து உலகின் பாராட்டைப் பெற்ற நாடு. பத்தாண்டுகளில் அந்நிலை தளர்ந்தது. உடனே அன்றைய அதிபர் சுகார்த்தோ, நடுக் காலிமந்தானின் சதுப்புக் காட்டில் 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்குவது என ஆணை பிறப்பித்தார். 1996இல் வேலை தொடங்கியது. காட்டை ஊடறுத்து 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை சென்றாலும் அவ்வளவு தொலைவு வருமா என்பது ஐயமே! ஜாவாவிலிருந்து ஏழை உழவர்கள் குடியேற்றப்பட்டனர். அந்த மண் புளித்த மண், நெல்லுக்கு உகந்ததன்று என்று அறிஞர்கள் எடுத்துரைத்ததைக் கேட்பாரில்லை. இதிலே ஒரு கொடுமை: அத்திட்டத்துக்குப் பணம் வந்த வழிகளுள் ஒன்று, மரம் வெட்டுவோரிடமிருந்து மீண்டும் காடு வளர்ப்பதற்கென்றே வசூலித்து வைத்திருந்த நிதி. காட்டை வளர்க்கச் சேர்த்த காசு காட்டை அழிக்கப் போயிற்று.

நெல் விளைந்ததா? சொல்லத்தக்க அளவில் இல்லை. கால்வாய்கள் மட்டும் தம் வேலையை ஒழுங்காகச் செய்தன, நீரை வடித்தன. 1997இல் எல் நினோ வறட்சி வந்தபோது உலர்ந்த சதுப்பு பற்றிக் கொண்டது. அவ்வாண்டில் இந்தோனேசியச் சதுப்புகளும் காடுகளும் எரிந்து காற்றில் கலந்த கரிமத்தின் அளவு 81 கோடி டன்னுக்கும் 257 கோடி டன்னுக்கும் இடைப்பட்டது என அறிவியலார் 2002இல் கணித்து வெளியிட்டனர். உலகம் முழுவதும் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து ஓராண்டில் வெளியிட்டு வந்ததில் 13 முதல் 40 விழுக்காட்டுக்கு இது சமம். 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்கள் கைவிடப்படவில்லை, அவை திறந்தே கிடந்தன, பின்வந்த தீக்காலங்களிலும் அப்பகுதி எரிந்து கொண்டே இருந்தது.

அந்த ஆணையைப் பிறப்பிக்கும் அதிகாரம் ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அறிய வேண்டும். 1967ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம் நாட்டுக் காடு அனைத்தையும் அரசின் ஆளுகைக்குள் கொண்டு வந்தது. காட்டு நிலம் என்று வரையறுக்கப்பட்டது நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு! அங்கே தாத்தன் பாட்டன் காலந்தொட்டு வாழ்ந்தவர்கள் ஒரே நாளில், தம் சொந்த மண்ணிலேயே ஒண்டுக்குடிகளாயினர். பின்னர் அக்காடு 20 ஆண்டுக் குத்தகைகளாக நிறுவனங்களுக்குப் பங்கிடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் இவ்வாறு குத்தகையில் இருந்தது சுமார் 6 கோடி ஹெக்டேர், தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆட்சியாளருக்கு நெருக்கமானவர்களும் படையினர் சார்ந்த அமைப்புகளும் அவற்றில் பங்கு பெற்றனர். உருட்டுமர ஏற்றுமதி 1985இல் தடை செய்யப்பட்டது. காடு பிழைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். மரம் உள்நாட்டிலேயே ஒட்டுப்பலகையாயிற்று, இந்தோனேசியா உலகின் முதன்மையான ஒட்டுப்பலகை ஏற்றுமதி நாடாயிற்று.

காடு எப்படித் தோட்டமாகின்றது என்பதில் ஒரு தந்திரம் இருக்கின்றது. முதலில் பெருமரங்களை மட்டும் வெட்டிச் செல்வர். அதற்கென்று பாதை போடுவர். பாதை வந்தால் மற்றவர்களும் வருவர். சில ஆண்டுகளில் அந்தக் காடு மெலிந்து போகும். அப்போது, ‘இது சிதைந்த காடு, காடாக வைத்திருந்து பயனில்லை’ என்று ஒரு குறிப்பு எழுதப்படும். அக்குறிப்பின் பேரில் காகித மரமோ எண்ணெய்ப்பனையோ பயிரிட அனுமதி வழங்கப்படும். மிச்சமிருக்கும் மரத்தை விற்ற காசே முதலீடாகும். அனுமதி வாங்கி, மரத்தை விற்றுவிட்டு, ஒரு கன்றையும் நடாமல் போனவர்களும் உண்டு. நோயாளியை மெல்ல மெல்லப் பட்டினி போட்டு, பிழைக்க மாட்டான் என்று சான்றெழுதி, சொத்தைப் பிரித்துக் கொள்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இங்கே கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. பொதுநலனுக்காக அரசு ஒதுக்கி வைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு ‘ஹிமா’ என்று பெயர். அத்தகைய ஹிமா ஒன்றுக்கு ஹுனை என்பவரைக் காவலராக்கிய உமர் (ரலி) அவர்கள் ஒரு கட்டளையிட்டார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விட வேண்டும்; பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடலாகாது. காரணமும் சொன்னார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை மடிந்தாலோ, அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆட்சியாளரிடம்தான் கையேந்தி வருவான். நபித்தோழர்களுள் முன்னணியில் நின்ற இரு பெருமக்களின் பெயரைச் சொல்லியே தடுத்தார்கள் என்றால், அந்த நீதியை என்னென்பது!

நிலத்தை அரசு எடுத்துக் கொள்வதில் குற்றமில்லை. யாருக்காக எடுத்தது, வாயிலில் நின்று யாரை உள்ளே விட்டது என்பதே கேள்வி. இந்தோனேசியக் காட்டின் வாயிலில் உமரின் கட்டளை தலைகீழாக நிறைவேறியது. ரியாவ் மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஒருவர், காட்டு அனுமதிகளில் நடந்த ஊழல் உள்ளிட்ட வழக்குகளில் 2014இல் தண்டிக்கப்பட்டார். அவரை அடுத்து அந்நாற்காலியில் அமர்ந்தவரும் அதே 2014இல், காட்டு நிலத்தை எண்ணெய்ப்பனைக்கு மாற்றித் தரக் கையூட்டுப் பெற்றதற்காகக் கைதானார். மழைத் தொழுகை நடந்ததே, அதே மாகாணம்தான்.

தடுக்காதவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வழக்கே போதும். ‘மக்காவின் தாழ்வாரம்’ என்று பெருமையோடு அழைக்கப்படும் ஆச்சே மாகாணத்தில் திரிபா என்றொரு சதுப்புக் காடு. ஓராங் ஊத்தான் குரங்குகள் செறிந்து வாழ்ந்த இடம். மலாய் மொழியில் ‘ஓராங்’ என்றால் மனிதன், ‘ஊத்தான்’ என்றால் காடு. அண்டை வீட்டானைப் போல அதற்குக் காட்டு மனிதன் என்றே பெயரிட்டிருக்கின்றனர். அங்கே தீயிட்டு எண்ணெய்ப்பனை பயிரிட்ட ஒரு நிறுவனத்துக்கு 2014இல் நீதிமன்றம் 36,600 கோடி ரூபியா விதித்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பு வந்தும் பணம் வர ஆண்டுகள் பல இழுத்தடிக்கப்பட்டன. தண்டனை தாமதமாக வரும், வந்தாலும் உடனே கட்ட வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டால், அடுத்தவன் எதற்கு அஞ்சுவான்?

இதனால் ஏழைகள் எவரும் காட்டைத் தொடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எழுதினால் அது உண்மைக்கு மாறாகும். அதே ரியாவில் தெஸ்ஸோ நிலோ என்னுமிடத்தில் 2004இல் தேசியப் பூங்கா அமைத்தனர். பின்னர் அதை 80,000 ஹெக்டேருக்கு மேல் விரிவாக்கினர். இன்று அதன் பெரும்பகுதி எண்ணெய்ப்பனை. நட்டவர்களுள் பெரும் நிறுவனங்களைவிடக் குடியேறிய மக்களே மிகுதி. அவர்களுக்குப் பணங்கொடுத்துப் பின்னாலிருந்தவர்களும் உண்டு. ஜனநெருக்கம் மிக்க ஜாவாவிலிருந்து வெளித்தீவுகளுக்கு மக்களை அனுப்பும் திட்டத்தை டச்சுக்காரர் 1905இல் தொடங்கினர். சுதந்திர அரசு உலக வங்கியின் கடனுதவியோடு 1970களிலும் 80களிலும் அதைப் பேரளவில் நடத்தியது. கையில் அரிவாளும் நெஞ்சில் ஆசையும் கொண்டு வந்திறங்கிய உழவன், காட்டை வெட்டாமல் எதை உண்பான்? அவன் பிழை செய்தான். ஆனால் அவனை அங்கே கொண்டு வந்து இறக்கியவர், பாதை போட்டவர், ஆலை வைத்தவர், அவன் காயை விலைக்கு வாங்கியவர் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, ‘ஜனத்தொகை பெருகிவிட்டது, அதனால் காடு போயிற்று’ என்று சொல்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. அது பசித்தவன் மீது பழியைப் போடும் வித்தை.

ஆலை என்றேன். அதை விளக்க வேண்டும், ஏனெனில் அங்கிருந்துதான் பாதை நம் வீட்டுக்குத் திரும்புகின்றது.

எண்ணெய்ப்பனை (மலேசியத் தமிழர் செம்பனை என்பர்) மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. 1911இல் சுமத்ராவில் வணிகப் பயிரானது. அதன் குலையை வெட்டியபின் 24 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள், ஆலைக்குக் கொண்டு சேர்த்துவிட வேண்டும். இல்லையேல் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஆகவே தோட்டத்தின் நடுவிலேயே ஆலை தேவை. ஆலை வைத்துவிட்டால் அதன் பசிக்குச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் தேவை. ஒரு காட்டின் நடுவே ஆலைப் புகைபோக்கி எழுந்துவிட்டால், சுற்றியுள்ள காட்டின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன என்றே கொள்ளலாம். இன்று இந்தோனேசியாவில் சுமார் 160 லட்சம் ஹெக்டேரில் அது நிற்கின்றது. உலகின் பாமாயிலில் பாதிக்கும் மேல் அங்கிருந்து வருகின்றது. அதில் ஒரு பகுதியை அந்நாடே வண்டிகளுக்கு ஊற்றுகின்றது; 2025 முதல் டீசலில் 40 விழுக்காடு பாமாயில் எரிபொருளைக் கலக்கின்றனர்.

மற்றொரு பகுதி கப்பலேறுகின்றது. அதை வாங்கும் நாடுகளில் முதலிடம் நம் இந்தியாவுக்கு. அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 75 லட்சம் டன் முதல் ஏறத்தாழ ஒரு கோடி டன் வரை பாமாயில் இறக்குமதி செய்திருக்கின்றோம். அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தது. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடையில் மானிய விலைக்குக் கிடைக்கும் அந்தப் பொட்டலம், தேநீர்க் கடையில் வடை மிதக்கும் வாணலி, கல்யாண வீட்டில் கொதிக்கும் அண்டா, பிள்ளைகள் தின்னும் பிஸ்கட்டு, குளியலறைச் சவர்க்காரம் என்று எங்கும் அது இருக்கின்றது. ‘ஆதாயம் அடைபவன்’ என்று தீர்ப்பு சொன்ன வரிசை எங்கே போய் முடிகின்றது என்று இப்போது தேட வேண்டியதில்லை.

பாமாயிலை விலக்கிவிடுங்கள் என்று சொல்ல வருகின்றேனா? இல்லை. அவ்வாறு சொல்வது எளிது, ஆனால் நேர்மையன்று. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை மூன்று, நான்கு டன் எண்ணெய் தருகின்றது. சோயா தருவதோ அரை டன் அளவே. பாமாயிலை விட்டுச் சோயாவுக்குத் தாவினால் அதே எண்ணெய்க்குப் பன்மடங்கு நிலம் வேண்டும். அப்போது சுமத்ராவுக்குப் பதில் பிரேசில் நாட்டுக் காட்டின் கணக்கு நம் பெயரில் ஏறும். நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கும் தாயைப் பார்த்து, நீ காட்டை அழித்தாய் என்று சொல்வதும் அநீதி. உமர் (ரலி) அவர்களின் ஹிமாவில் உள்ளே விடப்பட்டவள் அவள்.

கேட்க வேண்டியது அவளிடமன்று. கப்பல் கப்பலாக வாங்குவோரிடம், சுத்திகரிப்போரிடம், அரசுக்கு ஒப்பந்தம் எடுத்து விற்போரிடம் கேட்க வேண்டும்: இந்த எண்ணெய் எந்த ஆலையில் பிழிந்தது? அந்த ஆலைக்குக் குலை எந்த நிலத்திலிருந்து வந்தது? அந்நிலம் எப்போது காடாக இருந்தது? இறைச்சி ஹலாலா என்று அறுத்தவர் பெயரைக் கேட்டுத் தெரிந்து கொள்ளும் நாம், அதைப் பொரிக்கும் எண்ணெயைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. நம் ஊர் ஜமாஅத்துகளில் கந்தூரிக்கும் வலீமாவுக்கும் டின் டின்னாக வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் அது சிறு குரலாகத்தான் இருக்கும். உலகில் முதலிடம் வகிக்கும் வாடிக்கையாளர் நாட்டின் குரல் என்பதையும் மறந்துவிடலாகாது.

மனிதன் கெடுத்ததை மனிதன் நிறுத்தவும் கூடும் என்பதற்கும் அதே நாட்டில் சான்றுண்டு. 2011இல் தொடக்கநிலைக் காட்டிலும் சதுப்பிலும் புதிய அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்தனர். 2019இல் அதை நிரந்தரமாக்கினர். 2013இல் அரசமைப்பு நீதிமன்றம், மரபுரிமைக் காடு அரசுக் காடாகாது என்று தீர்ப்பளித்து, 1967 முதல் நடந்த பறிப்புக்கு ஒரு திருத்தம் எழுதியது. 2015இன் புகைக்குப் பின் சதுப்பை மீட்பதற்கென்றே ஓர் அமைப்பு 2016 தொடக்கத்தில் நிறுவப்பட்டு, கால்வாய்களுக்கு அணையிட்டு நீரைத் தேக்கத் தொடங்கியது. 2016இல் உச்சத்தைத் தொட்ட காடழிவு அடுத்த ஐந்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. அதே வானம், அதே மண், அதே மக்கள். மாறியவை பேனா முனையும் கண்காணிப்பும் மட்டுமே. மஜ்லிஸ் உலமாவும் ஓய்ந்துவிடவில்லை. தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றி 2023இல் எழுதிய மற்றொரு தீர்ப்பில், இயற்கைக்குக் கேடு விளைக்கும் காடழிப்பையே ஹராம் என்று அறிவித்தது.

ஆயினும் 2024ஆம் ஆண்டின் நடுவில், பப்புவாவின் தென்கோடியில், மாரிந்த் பழங்குடியினர் வாழும் மெராவுக்கே மாவட்டத்தில் மண்வெட்டும் இயந்திரங்கள் படகுகளில் வந்திறங்கின. நெல்லுக்கும் கரும்புக்குமாக அங்கே வகுக்கப்பட்டிருப்பது 20 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட திட்டம். காலிமந்தானில் தோற்றதைப் போல இரு மடங்கு. நாட்டின் உணவுத் தன்னிறைவுக்காக என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கின்றது. 1995 டிசம்பரில் காலிமந்தானுக்குச் சொல்லப்பட்ட காரணமும் அதுவே.